செங்கத்தில் சபை தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

செங்கத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உத்தியோகம் ஏற்றதையும் வீடு அமைந்ததையும் அறிந்து மகிழ்ந்தேன். ஆயின், எங்கே பிரசங்கம் நன்றாயிருக்கும், எங்கே பாடகர் குழு தேர்ந்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, திருவண்ணாமலையில் நம் திருநெல்வேலிப் பக்கத்தார் கூடும் இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிறுதோறும் பஸ் ஏறி அங்கேயே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அந்தக் கேள்வி இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. கச்சேரிக்கு வித்துவானைத் தேடுவதுபோல் சபையைத் தேடும் பழக்கம் வாலிபரிடையே பரவி வருகிறது. அதனினும் கேடானது, நம்மவர் கூடும் இடமே நம் சபை என்னும் எண்ணம். இரண்டையும் உன் எழுத்தில் ஒருங்கே கண்டபின் பேசாமலிருக்க என்னால் இயலவில்லை.

ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் பற்றிச் சபைகளுக்குள் இருக்கும் உபதேச பேதங்களை நீ அறிவாய். அவற்றை உன் மனசாட்சிப்படி தீர்த்துக்கொள். அதன்பின் நீ கேட்கவேண்டியதாக நான் கருதுவது ஒன்றே. அந்தச் சபையில் யார் யாருக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறார்கள்? மரித்தபின் யார் யாருக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணப்படுகிறார்கள்?

நீ இப்போது வாழும் சீமையின் திருச்சபைச் சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதி இக்கேள்வியிலிருந்தே பிறந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானிய மிஷனெரி, ஜாதி வித்தியாசத்தை லோக வழக்கமென்று பொறுத்துக்கொண்டால் அது காலப்போக்கில் தானே தேய்ந்துவிடும் என்ற தம் சகாக்களின் கொள்கையை ஏற்க மாட்டாமல், அந்த மிஷனை விட்டே வெளியேறிப் பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் தனித்து ஊழியம் தொடங்கினார். 1860களில் டென்மார்க்கு மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்த ஊழியமே பிற்பாடு திருக்கோயிலூர், திருவண்ணாமலை என்று வடமேற்கே பரவி, இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக நிற்கிறது. இதற்கு முன்பே, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் ஜாதி கூடாதென்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரில் எத்தனையோ பேர் கட்டளைக்குப் பணிவதைவிடச் சபையை விட்டு விலகுவதே மேல் என்று கருதினர். நம் சீமையில் மட்டும் என்ன வாழ்ந்தது? வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், ஒரே பீடத்துக்கு முன் இரண்டு கால்களாகப் பிரிந்து, வேளாளருக்கு ஒன்றும் நாடார் முதலானோருக்கு ஒன்றுமாக, நடுவே சுவர் வைத்தே கட்டப்பட்டது. 1910இல் அச்சுவரை இடித்தபோது வேளாளர் நியாயஸ்தலத்துக்குப் போனார்கள். கர்த்தருடைய சந்நிதியில் சுவர் வேண்டுமென்று வழக்காடியவர்களுக்கும், நம் பக்கத்தார் முகம் காணப் பஸ் ஏறுகிறவனுக்கும் நோக்கத்தில் பெரிய தூரமில்லை. கடுமையாக எழுதுகிறேனென்று எண்ணாதே. உன்மேல் உரிமை இருப்பதால் எழுதுகிறேன்.

விடுமுறை கிடைத்தால் திருப்பத்தூருக்குப் போய்வா. அங்கே டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. கோபுரத்தோடு திராவிட சிற்ப முறையில் அமைந்த அதன் ஜெபாலயத்தைக் கண்டு எல்லாரும் வியக்கிறார்கள், நானும் வியந்தேன். ஆனால், மிஷனெரி பங்களாவுக்கும் இந்திய ஊழியன் வீட்டுக்கும் இடையே பெரும் பள்ளம் கிடந்த அந்நாளில், செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர் கதர் உடுத்து, ஒரு தமிழரோடு ஒரே குடும்பமாய் உண்டு உறங்கி, தமிழரைப் பெரியண்ணன் என்றும் அவரைச் சின்னண்ணன் என்றும் ஊரார் அழைக்க வாழ்ந்தாரே, அந்த வாழ்வுதான் எனக்குக் கோபுரத்தினும் உயர்ந்து தோன்றுகிறது. 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் அந்தச் சின்னண்ணன் போலீஸ் தடியடிக்கும் ஆளானார். ஒரு சபையைப் பற்றி யார் என்னிடம் பேச வந்தாலும் நான் இந்த இருவரிடமே போய் நிற்கிறேன். அது என் சுபாவமாகிவிட்டது.

உன் ஊரைச் சொன்னவுடன் மலைபடுகடாத்தை மறுபடி எடுத்தேன். உன் செங்கமாகிய செங்கண்மா நகரத்து நன்னனைப் பாடிய அந்த 583 அடிகளில், பெருங்கௌசிகனார் மன்னனின் கொடையை மட்டுமா சொல்கிறார்? வழிநெடுக மலைச்சிற்றூர்களில் முன்பின் அறியாத கூத்தருக்குச் சொந்த வீடுபோல் உணவு கிடைக்கும் என்பதை எவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறார்! சேயாற்றங்கரையில் அந்நியனுக்கு இடமிருந்த நாடு அது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் மலையாளிப் பழங்குடியார் ஒருவர் ஞாயிறு காலை உன் சபைக்குள் நுழைந்தால் அவருக்கு எந்த இடம் கிடைக்கிறதென்று கவனித்துப் பார்.

ஆகவே, நடந்து போகும் தூரத்திலுள்ள சபைக்கே முதலில் போ. சில வாரம் பின்வரிசையில் அமர்ந்து, வேதபாடம் வாசிக்க யாரை அழைக்கிறார்கள், திருவிருந்துக்கு முந்தி எழுபவர் எப்போதும் ஒரே வீட்டாரா, வருஷக் கூட்டத்தில் கணக்கைச் சபையார் எல்லாருக்கும் வாசிக்கிறார்களா என்று பார். கோயில் பணிவிடை செய்யும் கோயில்குட்டியாரோடு சிநேகம் பண்ணிக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவா. ஆயர் சொல்லாததை அது சொல்லும். பிரசங்கம் சாதாரணமாயிருந்தால் பொறுத்துக்கொள், நல்ல பிரசங்கங்கள் அச்சில் கிடைக்கின்றன. கல்லறையில் ஜாதிக்கொரு மூலை கண்டால் மட்டும் பொறுக்காதே. ஆயரிடம் மரியாதையோடு கேள், அவர் கேட்க மறுத்தால் அடுத்த தெருச் சபைக்குப் போ.

தீர்மானித்தபின் உன் பழைய ஆயரிடமிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்துச் சந்தாவையும் மாதந்தோறும் தவறாமல் கட்டு. முதல் வருஷத்திலேயே கமிட்டியில் இடம் கேட்காதே. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் நலம் விரும்பும்,
ஆசிரியன்