எழுத்தும் பொருளும்: தொடக்க வகுப்பில் வாசிப்புக் கல்வி

எழுத்தனைத்தும் பயின்ற பின்னரே நூல் வாசிப்பு என்பது நம் திண்ணைப் பள்ளிகளின் மரபு. கதையும் பொருளும் முதலில், எழுத்து தானே வரும் என்பது மேனாட்டில் எழுந்த மறுகொள்கை. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் இணைப்பதே சமநிலை வாசிப்புக் கல்வி ஆகும்.

தமிழுக்கு இவ்விணைப்பு இன்றியமையாதது. 12 உயிரும் 18 மெய்யும் அறிந்து, உயிர்க்குறிகளையும் அறிந்த பிள்ளை 216 உயிர்மெய்களைத் தானே கூட்டிப் படிக்க இயலும். ஆதலின் எழுத்துப் பயிற்சியை ஒதுக்குவது பேதைமை. ஆயினும் 'பல்', 'கம்பம்' இரண்டிலும் பகரம் ஒன்றே, ஒலி வேறு. வலி, வளி, வழி ஆகியவற்றைப் பலரும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். இங்கு பொருளே வழிகாட்டும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை என அது தனித்தனி வேகத்திற்கு இடமளித்தது. ஆனால் அட்டைகளுக்கிடையே ஆசிரியர் உரக்கக் கதை படிக்கும் நேரம் சுருங்கிற்று என்பது என் கருத்து. பெருந்தொற்றுக்குப் பின், 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது.

உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற கேளம்பாக்கத்தில் ஒரு வகுப்பை எண்ணிப் பார்ப்போம். தொண்ணூறு நிமிடத்தில் முதல் பதினைந்து நிமிடம் கதை. அது அனைவருக்கும் பொது. பின் ஒரு பிள்ளை, "எங்க தாத்தா உப்பளத்துல வேலை செஞ்சாரு" என்கிறாள். ஆசிரியர் அதை அவ்வாறே பலகையில் எழுதுகிறார். அரும்பினர் 'உப்பு' என்பதில் உகரத்தையும் பகரத்தையும் தேடுவர். மொட்டினர் பாத்தி, உப்பளம் எனச் சொல் சேர்ப்பர். மலரினர் அடுத்த வாக்கியத்தைத் தாமே எழுதுவர். ஆசிரியர் இருபது இருபது நிமிடமாக ஒவ்வொரு குழுவுடனும் அமர்வார். மற்றையோர்க்குத் தாமாகச் செய்யத்தக்க வேலை முன்னரே தரப்பட்டிருக்க வேண்டும்; இல்லையேல் வகுப்பு சந்தைக்கடையாகும்!

கட்டுமானத் தொழிலுக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளையையும் அரும்பில் அமர்த்திவிட்டு அமைதியுறுதல் தகாது. அவனுக்குக் குறைவது எழுத்தன்று, தமிழ்ச் சொல். முதல் சில வாரங்கள் அவனுக்குப் படத்தைக் காட்டிய பேச்சும் பாட்டுமே பாடம்.

குழுக்கள் நிலையான சாதிகளாய் இறுகிவிடலாகாது. மூன்று வாரத்திற்கொருமுறை ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, முன்பு காணாத பத்தியொன்றைப் படிக்கச் செய்தல் வேண்டும். பழகிய பாடம் ஏமாற்றும்: மனப்பாடமாய் ஒப்பிக்கும் பிள்ளையின் விரல் மூன்றாம் வரியில் நிற்க, வாய் ஐந்தாம் வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.