இரண்டு நொடி வெளிச்சம்

பேத்தமங்களா ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? பாலாற்றைத் தேக்கிய பெரிய ஏரி. கோலார் தங்க வயலுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் குழாயில் போனது.

ஒரு மாலை நேரம். ஏரிக்கரையில் ஒரு தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை உழைத்தவர். பேத்தி காதில் சின்னக் கம்மல்.

"தாத்தா, பூமிக்குள்ளே தங்கம் எப்படி வந்துச்சு?"

"பாறை வெடிப்புல சுடுதண்ணி ஓடி, தங்கத்தைக் கொண்டுவந்து விட்டுச்சாம் கண்ணு. அதுக்கு முன்னாடி எங்கே இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்விதான். இந்த வயலில் 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். தோண்டியவர்களுக்குக் கிடைத்தது கூலி. அந்தத் தங்கம் முதலில் பிறந்த இடம் எது? விடையின் ஒரு பகுதி வானத்திலிருந்து வந்தது. இரண்டு நொடி வெளிச்சமாக வந்தது.

அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் காமாக் கதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறார்கள் அல்லவா? காமாக் கதிர் அதைவிட வலிமையானது. ஆனாலும் வானத்திலிருந்து வரும் காமாக் கதிர் தரையைத் தொடுவதில்லை. நடுவில் உள்ள காற்று அதைத் தடுத்துவிடுகிறது. இல்லாவிட்டால் நம் பாடு திண்டாட்டம்தான். ஆகவே அதைப் பார்க்க வேண்டுமானால், கருவியைக் காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டும்.

1967-ல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் மேலே சுற்றின. யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்ப்பதே அவற்றின் வேலை. கண்ணில் பட்டதோ வேறு. விண்வெளியின் ஆழத்திலிருந்து திடீர் திடீரென்று காமாக் கதிர்கள் பாய்ந்து வந்தன. 1973-ல்தான் இதை உலகுக்குச் சொன்னார்கள்.

இந்த வெடிப்புகளில் சில பல நொடிகள் நீடிக்கும். அவற்றில் பெரும்பாலானவை பெரிய நட்சத்திரங்கள் சாகும்போது வருபவை. சில இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். இவை பெரும்பாலும் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போது வருபவை. நியூட்ரான் நட்சத்திரம் என்பது செத்த நட்சத்திரத்தின் மிச்சம். அகலம் சுமார் 20 கிலோமீட்டர். சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் தூரம்தான். எடையோ நம் சூரியனைவிட அதிகம்!

இரண்டு நொடியில் மறைவதை எப்படிப் பிடிப்பது? தகரக் கூரையில் தூறல் விழுகிறது. டப், டப் என்று சத்தம். திடீரென்று சடசடவென்று அடித்து, உடனே நின்றுவிடுகிறது. கண்ணை மூடியிருந்தாலும் உங்களுக்குத் தெரியும் அல்லவா? கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் உள்ள படிகத்தில் கதிர் பட்டால் சிறு மின்துடிப்பு எழும். ஒவ்வொரு துடிப்பையும் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சட்டென்று கூடினால் அது வெடிப்பாக இருக்கலாம்.

நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் தொலைநோக்கி 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. உயரம் 650 கிலோமீட்டர். அதில் காட்மியம், துத்தநாகம், டெலூரியம் கலந்த படிகங்கள் உள்ள கருவி ஒன்று உண்டு. அக்டோபர் 6-ல் அந்தக் கருவி வேலையைத் தொடங்கியது. அன்றே ஒரு வெடிப்பைப் பிடித்தது! பிறகு ஐந்நூறுக்கும் மேல் பிடித்துவிட்டது. அதை உருவாக்கியதில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

"டாட்டாவா? அவங்க எங்க சாம்பியன் ரீஃப் குழிக்குள்ளேயே மெஷின் வச்சிருந்தாங்களே!" என்றார் தாத்தா.

உண்மைதான். 1965-ல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து நியூட்ரினோ என்ற துகளைக் கண்டறிந்தார்கள். நியூட்ரினோ மலையையும் துளைத்துப் போகும். அதைப் பிடிக்கக் கீழே போனார்கள். காமாக் கதிர் காற்றைக்கூடத் தாண்டாது. அதைப் பிடிக்க மேலே போனார்கள்.

2017 ஆகஸ்ட் 17. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகள் ஈர்ப்பு அலையின் நடுக்கத்தை உணர்ந்தன. நடுக்கம் முடிந்து 1.7 நொடியில், ஃபெர்மி என்ற விண்வெளித் தொலைநோக்கி ஒரு குறுகிய காமா வெடிப்பைப் பதிவு செய்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியிருந்தன. உலகமெங்கும் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. மோதலில் சிதறிய பொருளின் ஒளியை ஆராய்ந்தார்கள். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அங்கே உருவாகியிருப்பது தெரிந்தது. தங்கத்தின் எடை மட்டும் பூமியின் எடையைப் போலச் சில மடங்கு இருக்கலாம் என்று சிலர் கணக்கிட்டார்கள். எல்லாத் தங்கமும் இப்படியே வந்தது என்று சொல்ல முடியாது. வேறு வழிகளும் இருக்கலாம்.

"நம்ம ஆஸ்ட்ரோசாட் அதைப் பார்த்துச்சா?" என்று தாத்தா கேட்டார்.

இல்லை. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் குறுக்கே பூமி இருந்தது! மலைக்கு அந்தப் பக்கம் மின்னினால் இந்தப் பக்கம் தெரியுமா? அதனால்தான் தக்ஷா என்ற புதிய திட்டத்தை இந்திய விஞ்ஞானிகள் முன்வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு செயற்கைக்கோள்கள், பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

பேசிப் பாருங்கள்: காமாக் கதிரைப் பார்க்க ஏன் காற்றுக்கு மேலே போக வேண்டும்? ஒரே செயற்கைக்கோள் ஏன் போதாது?