மலைக்குப் போகும் முன், கடலிலிருந்து வந்த பின்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் அழுக்குப் படலம் இருந்தால் எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசும்.

தனுஷ்கோடி போய் வந்தால், தள்ளிப்போடாமல் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் துரு.

கழுவும்போதுதான் பலரும் பெயிண்டைக் கெடுக்கிறார்கள். காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கவே கூடாது. என் முதல் காரின் பானட்டில் வட்ட வட்டமாக விழுந்த கீறல்கள் அப்படி வந்தவைதான். நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கி, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு, மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு 5 நிமிடம் ஊறவைத்தால் தானே வரும்.

மலையிறங்கிய சூட்டோடு சக்கரங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிரேக் டிஸ்க் கோணிவிடலாம். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.