மே மாதக் கடைசியும் இன்ஷூரன்ஸும்

தறியில் அமர்ந்தவர் திடீரென்று மறைந்தால், அவர் பட்ட கடன் உடன் மறைவதில்லை. ஆகவே 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய இரு இன்ஷூரன்ஸ் திட்டங்களை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை சேரலாம். ஆண்டுதோறும் ரூ. 436 செலுத்தி வருவோர் 55 வயதுக்குள் மரித்தால் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சம் கிடைக்கும். சுரக்ஷா திட்டம் விபத்துக்கு மட்டுமே. அதன் பிரீமியம் ரூ. 20தான். உயிரோடிருப்பவருக்கு இப்பணம் திரும்புவதில்லை. இதனை நஷ்டம் என்போர் உண்டு. ஆடு புகாத ஆண்டில் வேலிக்கு இட்ட செலவை எந்தக் குடியானவரும் நஷ்டமென்று எழுதுவதில்லை.

இடர் வருவது வேறிடத்தில். பாதுகாப்பு ஜூன் 1 முதல் மே 31 வரைதான். மே இறுதியில் பாங்கிக் கணக்கில் பணமில்லையேல் பிரீமியம் பிடிக்கப்படாது, இன்ஷூரன்ஸ் முறிந்துவிடும். ஜீவன் ஜோதியில் மறுபடியும் சேர்ந்தாலோ, முதல் 30 நாட்களில் நேரும் மரணத்துக்கு, விபத்து நீங்கலாக, தொகை கிடையாது. கூலி வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடும் வழக்கம் நம்மவர் பலரிடம் உண்டு. மே மாதத்திலேனும் ரூ. 456 விட்டுவையுங்கள்.

மற்றொன்று, நாமினியின் பெயர். மணமாகுமுன் தாயின் பெயரைக் கொடுத்தவர் பின்னர் அதனை மாற்ற நினைப்பதேயில்லை. தாயும் காலமாகிவிட்டால், துயரத்திலிருக்கும் மனைவி வாரிசுச் சான்றிதழுக்கு அலைய நேரும். பாங்கியில் எழுதிக்கொடுத்துப் பெயரை மாற்றலாம். எழுதத் தடுமாறும் அங்கத்தினருக்கு அப்படிவத்தை நிரப்பித் தருவது சங்கக் காரியதரிசியின் கடமைகளுள் ஒன்றென்றே நாம் கருதுகிறோம்.