பிளாட்டினம் போட்ட பிரேக்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் கிடக்கட்டும். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, "மின்சாரமே கடத்தாத காந்தத்திலிருந்து ஸ்பின் ஓட்டம் வருகிறது என்கிறார்களே, அங்கே ஓடுவதுதான் என்ன?" என்று. அதற்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

குழப்பத்துக்கு நீ காரணமில்லை. எந்த அறிமுக நூலைத் திறந்தாலும் ஒரே படம். மேல்நோக்கி ஸ்பின் அம்பு குத்திய எலக்ட்ரான் உருண்டைகள் வலப்பக்கம் போகும், கீழ்நோக்கிய அம்புகள் இடப்பக்கம் போகும். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. அதையே முழுசாக நம்பியவனுக்குக் காந்தம் என்றால் ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். மின்சாரத்தை உள்ளே விட்டால் ஒரு திசை ஸ்பின் அதிகமாக வெளியே வரும். 1985-இல் ஜான்சனும் சில்ஸ்பீயும் அலுமினியத்துக்குள் அப்படித்தான் ஸ்பினைச் செலுத்திக் காட்டினார்கள். அதே வித்தையைக் குறைக்கடத்தியில் செய்யப்போனால், உலோகக் காந்தத்தின் மின்தடைக்கும் குறைக்கடத்தியின் மின்தடைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஸ்பின் வாசலிலேயே நின்றுவிடும். நடுவே எலக்ட்ரான்கள் ஊடுருவிப் போகக்கூடிய தடுப்பு ஒன்றை வைத்தால் சமாளிக்கலாம் என்று 2000-இல் ராஷ்பா காட்டினார். இதெல்லாம் உன் பாடத்திலேயே இருக்கிறது. நான் வேறு வழிக்கு வருகிறேன்.

எனக்குப் பிடித்த ஆய்வு, ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் மிஸுகாமி, ஆண்டோ, மியாசாகி மூவரும் செய்தது. வந்த புதிதில் படித்தேன், இன்னும் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் ஸ்பின் ஓட்டத்தைத் தேடிப் போகவே இல்லை. பெர்மலாய் என்ற நிக்கல்-இரும்புக் காந்தக் கலவையில் சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை எடுத்து, இரு பக்கமும் வேறு வேறு உலோகங்களைப் பூசி, மைக்ரோவேவில் வைத்து, காந்த ஒத்ததிர்வுக் கோட்டின் அகலத்தை அளந்தார்கள். கோடு அகலமானால் தணிவு அதிகம், அதாவது அச்சைச் சுற்றி ஆடும் காந்தமாக்கம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்று பொருள். பக்கத்தில் செம்பு இருந்தபோது ஒன்றும் ஆகவில்லை. பிளாட்டினத்தையோ பல்லேடியத்தையோ வைத்தால் கோடு வீங்கியது. படலம் மெல்லிசாக ஆக ஆக, வீக்கமும் கூடியது.

இதுகூடப் பெரிதில்லை. அடுத்து, பெர்மலாய்க்கும் பிளாட்டினத்துக்கும் நடுவில் செம்பைச் செருகினார்கள். இப்போது பிளாட்டினம் காந்தத்தைத் தொடவே இல்லை. அப்படியும் தணிவு போகவில்லை! செம்பின் தடிமனைக் கூட்டக் கூட்ட மெதுவாகத்தான் குறைந்தது. அது குறைந்த நீளம், செம்புக்குள் ஸ்பின் அழியாமல் பரவக்கூடிய தூரத்தோடு பொருந்தியது; அந்தத் தூரம் நூற்றுக்கணக்கான நானோமீட்டர். தொடாத உலோகம் ஒன்று, தூரத்தில் இருந்தபடியே காந்தத்துக்கு பிரேக் போடுகிறது. நடுவில் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தால்தானே அது முடியும்?

போய்க்கொண்டிருந்தது கோண உந்தம். 2002-இல் செர்கோவ்னியாக், பிராடாஸ், பவர் மூவரும் இதற்குக் கணக்கு எழுதினார்கள். ஆடும் காந்தமாக்கம் தன் எல்லையில், அண்டை உலோகத்து எலக்ட்ரான்களுக்குத் தன் கோண உந்தத்தைக் கொடுத்தபடி இருக்கிறது. செம்பு அதை வாங்கினாலும் அழிப்பதில்லை. ஸ்பின் அங்கே தேங்கித் திரும்பக் காந்தத்துக்கே வந்துவிடுகிறது, நிகர இழப்பு இல்லை. பிளாட்டினத்தில் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு வலுவானது. வந்த ஸ்பின் சில நானோமீட்டருக்குள் தீர்ந்துபோகிறது, திரும்புவதற்கு ஒன்றுமில்லை. இதைத்தான் ஸ்பின் இறைப்பு என்கிறோம். காந்தத்துக்குக் குறுக்கே ஒரு நிகர மின்னூட்டமும் போகவில்லை என்பதைக் கவனி.

இப்போதெல்லாம் மாணவர்கள் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். வரைபடத்தில் எந்தப் புள்ளி எந்தத் தடிமனுக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. நீயாவது பார்.

சரி, உன் மின்கடத்தாக் காந்தம். பெயர் யிட்ரியம் இரும்பு கார்னெட். ஆய்வகத்தில் எல்லோரும் யிக் என்பார்கள். 1956-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் பெர்டோவும் ஃபொராவும் கண்டுபிடித்தது. பெர்மலாயில் தணிவுக் குணகம் ஏறத்தாழ 0.01. நல்ல யிக் படிகத்தில் அது 0.0001-க்கும் கீழே. காரணங்களில் முக்கியமான ஒன்று, ஆற்றலை உறிஞ்சிக்கொள்ள அங்கே கடத்தும் எலக்ட்ரான்களே இல்லை என்பது. அதனால்தான் பல காலமாகச் சொல்லி வருகிறேன், நண்பர்கள் சிரித்தாலும் சொல்கிறேன்: ஸ்பின் தொழில்நுட்பத்துக்கு உகந்த காந்தம் மின்சாரம் கடத்தாத காந்தம்தான். உலோகக் காந்தத்தோடு நாம் தொடங்கியது கையில் கிடைத்தது அது என்பதால்.

யிக்குக்குள் என்ன ஓடுகிறது? கட்டட வேலையில் கான்கிரீட் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, சட்டி மட்டும் மாடிக்கு ஏறும். இரும்பு அயனிகளின் ஸ்பின்களும் அப்படித்தான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, தம் ஆட்டத்தை அடுத்ததற்குக் கொடுக்கின்றன. அந்த அலைதான் ஸ்பின் அலை, அதன் குவாண்டம் மேக்னான். 2015-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு யிக் மேல் இரண்டு பிளாட்டினப் பட்டைகளை வைத்து, ஒன்றில் மின்னோட்டம் விட்டு மற்றதில் மின்னழுத்தம் அளந்தது. அறை வெப்பநிலையில் 40 மைக்ரோமீட்டர் தள்ளியும் சமிக்ஞை கிடைத்தது. இரண்டு பட்டைகளுக்கும் இடையே மின்சாரப் பாதையே கிடையாது; கடந்து போனவை மேக்னான்கள்தான்.

இன்னொரு தவறான பேச்சும் உலவுகிறது, ஸ்பின் ஓட்டத்தில் வெப்பமே இல்லை என்று. யிக்கை ஆட வைக்கும் மைக்ரோவேவ் கருவியின் மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? மின்னூட்டம் போலப் பாதுகாக்கப்படும் அளவும் இல்லை ஸ்பின். போகும் வழியெல்லாம் கோண உந்தம் படிகச் சட்டகத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. கம்பியில் ஒரு முனையில் போட்டது மறுமுனையில் அப்படியே வரும் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவராதே.

கடைசியாக, நீ செய்யப்போவதாக எழுதியிருந்த சோதனைக்கு வருகிறேன். பிளாட்டினத்தில் வந்து சேரும் ஸ்பின் ஓட்டம் பக்கவாட்டில் மின்னழுத்தமாக மாறும்; தலைகீழ் ஸ்பின் ஹால் விளைவு என்ற இதை சைட்டோவின் குழு 2006-இல் பெர்மலாய்-பிளாட்டினத்தில் அளந்தது. நீயும் அதே ஜோடியை எடுத்திருக்கிறாய். ஒத்ததிர்வில் மின்னழுத்தம் எழும்பியதும் துள்ளிக் குதிக்காதே. பெர்மலாயின் மின்தடை காந்தத் திசையோடு மாறுவது. மைக்ரோவேவ் மின்னோட்டமும் அந்த மாற்றமும் சேர்ந்து தாமாகவே ஒரு நேர்த்திசை மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். காந்தப்புலத்தைத் திருப்பிப் போட்டு, குறி மாறுகிறதா என்று பார். அது மட்டும் போதாது, திருட்டுச் சமிக்ஞையும் சில அமைப்புகளில் குறி மாறும். புலத்தின் கோணத்தை மாற்றி மாற்றி அள. பிளாட்டினம் இல்லாத மாதிரி ஒன்றையும் கட்டாயம் செய். எல்லாவற்றுக்கும் முன்னால், பிளாட்டினத்தோடும் இல்லாமலும் ஒத்ததிர்வுக் கோட்டின் அகலத்தை அளந்து, அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பு. மின்னழுத்தத்தை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்