வில்லியம் லீவர்: கலைக்கூடமும் காங்கோவும்

நம் இல்லங்கள் நன்கறிந்த சன்லைட் சோப்பினைச் சந்தைக்குக் கொணர்ந்தவர், இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் 1851-இல் பிறந்த வில்லியம் லீவர். தம் தொழிலாளர்க்கெனப் போர்ட் சன்லைட் என்னும் எழில்மிகு குடியிருப்பை அமைத்தார். 1906-இல் லிபரல் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் புகுந்து, கன்னிப்பேச்சிலேயே முதியோர்க்கு ஓய்வூதியம் வேண்டினார். தேடித்தேடிச் சேர்த்த ஓவியங்களையும் சீனப் பீங்கான்களையும் மறைந்த மனைவியின் பெயரால் எழுப்பிய கலைக்கூடத்தில் 1922-இல் மக்கள் பார்வைக்கு வைத்தார்.

இவ்வளவில் நின்றால் வள்ளல் வரலாறு முற்றுப்பெறும். ஆயின், சோப்புக்கு எண்ணெய் வேண்டுமே! 1911-இல் பெல்ஜிய அரசோடு உடன்பாடு கண்டு, காங்கோவில் செம்பனை எண்ணெய்த் தொழிலைத் தொடங்கினார். பள்ளி, மருத்துவமனை, குறைந்தபட்சக் கூலி யாவும் உடன்பாட்டில் இடம்பெற்றன. எனினும் அங்குக் குலை வெட்டியோர் பலர் கட்டாயத்தின்பேரில் மரமேறியவரே. கலைக்கூடத்தின் கணக்கில் இவ்வுழைப்பையும் சேர்த்தே நாம் எழுத வேண்டியுள்ளது. லீவர் 1925-இல் மறைந்தார். 1931-இல் காங்கோவின் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.