முதலில் கடுக்காய், அப்புறம்தான் கலர்

வெங்காயத் தோலில் சாயம் போடலாம், மாதுளைத் தோலில் போடலாம் என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் நேராக அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள். தோலை வேகவைத்து நூலை முக்கி எடுத்தால் கலர் பிடித்த மாதிரிதான் தெரியும். நாலு தடவை அலசினால் வெளிறத் தொடங்கிவிடும். சாயம் போடுவதில் பாதிக்கு மேல் வேலை நூலைத் தயார் செய்வதில்தான் இருக்கிறது. அதில் மட்டும் அவசரப்படாதே.

முதலில் நூலைப் பார். கடைகளில் ‘உல்லன்’ என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் செடிச் சாயம் ஏறவே ஏறாது. சந்தேகமாக இருந்தால் ஓர் இழையைக் கத்தரித்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்து. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டதும் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கெட்டியான கறுப்பு மணியாக உறைந்து நிற்கும்.

பந்தாக இருக்கும் நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கழியாக்கிக்கொள். நாலு இடத்தில் தளர்வாகக் கட்டு. இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் போகாமல் வெள்ளையாகவே நின்றுவிடும். கட்டாமல் விட்டாலோ சிக்கெடுத்தே பொழுது போய்விடும்.

இனி 100 கிராம் பருத்தி நூலுக்குக் கணக்கு சொல்கிறேன். எப்போதும் உலர்ந்த நூலை நிறுத்து வைத்துக்கொண்டுதான் மற்றதை அளக்க வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் நூலை ஒரு மணி நேரம் கொதிக்க விடு. பார்க்க வெள்ளையாக இருக்கும் நூலிலிருந்து டீத்தண்ணி போல அழுக்கு இறங்கும். பஞ்சில் இயற்கையாக இருக்கும் மெழுகும் எண்ணெயும்தான் அது. அது போகாமல் சாயம் உள்ளே இறங்காது.

அடுத்தது கடுக்காய். கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 20 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து நூலை இரவு முழுக்க ஊறவிடு. பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும், பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறினால்தான் படிகாரம் அதில் ஒட்டும், படிகாரத்தில்தான் சாயம் ஒட்டும். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்த பிறகே எழுதுகோலைத் தொடுகிறார்கள். காலையில் நூல் வெளிர் மஞ்சளாக இருக்கும். அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்து. பிறகு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் இன்னொரு இரவு ஊறட்டும். லேசாக ஒரு முறை அலசினால் நூல் தயார்.

சாயத்துக்கு எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியமும் இரும்பும் கலரை மாற்றிவிடும். சாயம் போட்ட பாத்திரத்தில் மறுபடி சமைக்காதே. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள் மங்கிப்போகும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் வெங்காயத் தோலைத்தான் சொல்வேன். பெரிய வெங்காயத்தின் மேல் சருகு 100 கிராம் சேர்த்து வை. காய்கறிக் கடையில் கேட்டால் ஒரு பையே கொடுப்பார்கள். ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, ஆறிய சாற்றில் நனைத்த நூலைப் போடு. காய்ந்த நூலைப் போட்டால் திட்டுத்திட்டாகும். சிறு தீயில் மெல்லச் சூடேற்றி, தளபுள என்று கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் வைத்திரு. அப்படியே பாத்திரத்திலேயே ஆறவிட்டு மறுநாள் எடு. பழுத்த பொன்னிறம் வரும். மாதுளைத் தோலும் இதே முறைதான், அது தெளிவான மஞ்சள் தரும். சிவப்பு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் கேள். அதை மட்டும் கொதிக்க விடாதே, சிவப்பு பழுப்பாகிவிடும். கை பொறுக்காத சூடு போதும்.

சாம்பல் நிறத்துக்குத் தனியாகச் சாயமே வேண்டாம். கடுக்காயில் ஊறிய நூலைப் படிகாரத்துக்குப் பதில், 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்த தண்ணீரில் போடு. கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஆனால் அன்னபேதி கூடினால் நூல் இற்றுப்போகும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) மட்டும் வாங்கிவிடாதே, அது விஷம்.

பீட்ரூட்டையும் செம்பருத்தியையும் நம்பாதே. எவ்வளவு அழகாக ஏறினாலும் அந்தச் சிவப்பு தங்காது. மஞ்சள்தூள் பருத்தியில் சுலபமாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும், சோப்பு பட்டால் சிவக்கும். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது, அதற்குத் தொட்டி புளிக்க வைக்க வேண்டும். கை பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கலர் தாங்கும் என்று நீயே சோதித்துவிடு. சாயம் போட்ட நூலை ஓர் அட்டையில் சுற்றி, பாதியைக் கனமான காகிதத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் வை. திறந்து பார்த்தால் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம் உண்மையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு கழியிலும் என்ன போட்டாய், எத்தனை கிராம் என்று சீட்டு எழுதிக் கட்டு. துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், உலர்த்த நிழல்.

மிஞ்சிய படிகாரத் தண்ணீரைக் கொட்டாதே, கொஞ்சம் படிகாரம் சேர்த்து அடுத்த கழிக்கு வைத்துக்கொள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரைக்கும் போனது நமக்குத் தெரியும். வீட்டு வேலைதானே என்று அன்னபேதித் தண்ணீரைக் கிணற்றடியிலோ செடியிலோ ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று. ஆயுத பூஜை முடிந்ததும் தெருவெல்லாம் செண்டுமல்லி மாலை குப்பையில் கிடக்கும். பருத்தியில் நல்ல மஞ்சள் கொடுக்கிற பூ அது. இந்த வருஷம் உன் வீட்டு மாலையையும் பக்கத்து வீட்டு மாலையையும் உதிர்த்து, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டு வை. 100 கிராம் நூலுக்கு 100 கிராம் காய்ந்த பூ போதும்.